பிள்ளையை அழவிடுங்கள்

சாவு விழுந்த வீட்டில் நாம் முதலில் செய்கிற காரியம், பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பிவிடுவது. ஐஸ் பெட்டி வந்து இறங்குவதற்குள் அவர்கள் சித்தி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இல்லையென்றால் கையில் ஒரு செல்போனோடு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். அடக்க ஆராதனைக்குக் கடைசி நேரத்தில் அழைத்துவந்து, கூட்டத்துக்கு நடுவே தூக்கிப் பிடித்து முகத்தைக் காட்டி, அழத் தொடங்குமுன் திருப்பி அனுப்பிவிடுவோம். மறுநாளிலிருந்து இறந்தவரின் பெயரை அந்தப் பிள்ளையின் முன்னால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் குழந்தை அழுதுவிடுமாம்.

அழட்டுமே. அதில் நமக்கு என்ன கஷ்டம்?

கேட்பது முகத்தில் அடித்தாற்போல இருந்தால் இருக்கட்டும். காஞ்சிபுரத்து சபைகளில் பிள்ளை வளர்க்கிற உங்கள் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்கிறேன். துக்க வீட்டில் பிள்ளைகளிடம் நாம் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். “அம்மா ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க, சந்தோஷப்படணும்.” “நாம விசுவாசிங்க, உலகத்தார் மாதிரி அழக்கூடாது.” “நீதான் இனிமே வீட்டுக்கு ஆம்பள, தங்கச்சி முன்னால அழாதே.” கடைசியாகச் சொன்னது எட்டு வயதுப் பையனுக்கு. நேற்றுவரை அம்மா ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தவனுக்கு ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் பாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு ஜெபத்தையும் சேர்த்துவிடுகிறோம்.

இதெல்லாம் அன்பினால்தான் செய்கிறோம் என்பீர்கள். பாதி அன்பு, மீதி பயம். பிள்ளை அழுதால் நமக்கும் அழுகை வரும். பிள்ளை கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அதனால் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் லாசருவின் கதை தெரியும். கல்லறையைத் திறந்ததும் கட்டுகளோடு வெளியே வருகிற அந்தக் காட்சியைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். தாயை இழந்த ஒரு பையன் அந்த வகுப்பில் இருந்தால் அவன் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்யல?” என் வகுப்பில் அது கேட்கப்பட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மூன்று பேர் ஒரே குரலில் “அப்படியெல்லாம் கேக்கக்கூடாதுப்பா” என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. வகுப்பில் நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று அவனைப் பாராட்டுகிறார்கள்.

அந்தப் பையன் கேட்டதில் என்ன தப்பு? யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தை எடுத்து, பிரசங்கத்தை மறந்துவிட்டு, கதையாகப் படித்துப் பாருங்கள். இயேசு பெத்தானியாவுக்கு வந்து சேரும்போது லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. சொல்லி அனுப்பியும் வரவில்லை. முதலில் மார்த்தாள் ஊருக்கு வெளியிலேயே போய் எதிர்கொள்கிறாள். அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையே குற்றச்சாட்டு: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்கிற பொருளில். பிறகு மரியாள் வருகிறாள். அவளும் அதையேதான் சொல்கிறாள். இரண்டு சகோதரிகளும் அந்த நான்கு நாட்களாக வீட்டுக்குள் அதைத்தான் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இயேசு அவர்களை அதட்டவில்லை. “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று அவரோடு வந்த சீஷர்களில் ஒருவரும் சொன்னதாக எழுதப்படவில்லை. இன்னும் கவனியுங்கள். ஒரே புகாருக்கு அவர் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார். மார்த்தாளோடு நின்று பேசுகிறார். உயிர்த்தெழுதலைப் பற்றிய நம்பிக்கையை அவளிடம் எடுத்துச் சொல்கிறார். மரியாள் காலில் விழுந்து அழும்போது அவர் எதையும் விளக்கவில்லை, அவரும் அழுகிறார். இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர்தான் அழுகிறார். பரலோக நம்பிக்கை இருக்கிறவன் அழக்கூடாது என்பது சட்டமானால், அந்தச் சட்டத்தை மீறிய முதல் ஆள் அவர்தான்.

பிள்ளைகளிலும் மார்த்தாள் உண்டு, மரியாள் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பேச வேண்டும். அப்பா இப்போது எங்கே இருக்கிறார், பசிக்குமா, நம்மைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற ஒரு பெரிய மனுஷி போதும். நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வசனத்தைப் படித்துக் காட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

துக்க வீட்டில் அதிகம் சுற்றிவருகிற வசனம் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இருப்பது. அதில் பாதியைத்தான் நாம் சொல்கிறோம். துக்கப்படாதே என்று மட்டும் பவுல் எழுதவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுகிற விதமாகத் துக்கப்படாதே என்றுதான் எழுதினார். எப்படி அழுவது என்பதைப் பற்றிச் சொன்னதை, அழவே கூடாது என்று ஆக்கிவிட்டோம். அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது அழுகிறவர்களோடு சேர்ந்து அழச் சொல்கிறார். அதை நாம் பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

நம் ஊரைப் பாருங்கள். ஏகாம்பரநாதரும் காமாட்சியும் வரதராஜரும் இருக்கிற ஊர் இது. 1921இல் எழும்பிய கிறிஸ்து ஆலயமும், ஸ்காட்லாந்து மிஷனரிகள் வைத்துவிட்டுப்போன ஆண்டர்சன் பள்ளியும் நமக்குண்டு என்றாலும், நாம் இங்கே சிறு கூட்டம்தான். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவர் எப்படிப் பிறந்தார், என்ன சம்பாதித்தார், யாரை ஏமாற்றினார், யாரை வாழவைத்தார் எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே பெரியவர்களின் மடியில் கிடப்பார்கள். நம் சபைகளில் அதை விசுவாசம் இல்லாதவர்களின் வழக்கம் என்று ஒதுக்கிவைத்தோம். சரி, ஒதுக்கியதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பாமாலையைத் திறக்கச் சொன்னோம். அது மட்டும்தான்.

வேதாகமத்தில் ஒப்பாரி இல்லை என்று யார் சொன்னது? புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது, ஐந்து அதிகாரம், எரிந்துபோன ஒரு நகரத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 150 சங்கீதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையும்தான். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல். அதையும் யூதர்கள் தள்ளிவிடவில்லை, சபையும் தள்ளிவிடவில்லை. நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 23ஆம் சங்கீதமும் 91ஆம் சங்கீதமும் மனப்பாடமாகத் தெரியும். 88ஆம் சங்கீதம் ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

ரிஸ்பாள் கதையைச் சொல்லியிருக்கிறோமா? சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறாள். சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. சவுல் செய்த தவறுக்காக அவளுடைய இரண்டு மகன்களையும் இன்னும் ஐந்து பேரையும் கிபியோனியரிடம் ஒப்படைத்து, வாற்கோதுமை அறுப்புக் காலத்தின் தொடக்கத்தில் தூக்கிலிட்டார்கள். உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தன. அவள் ஓர் இரட்டுப் புடவையை எடுத்துப் பாறைமேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் உடல்களின்மேல் விழாமல் விரட்டிக்கொண்டே, வானத்திலிருந்து மழை பெய்யும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது அரண்மனைவரை எட்டித்தான் தாவீது ராஜா எலும்புகளை எடுத்து மரியாதையாக அடக்கம் செய்கிறான். ஒரு தாயின் துக்கம் ஒரு ராஜாவை நியாயம் செய்யவைத்த கதை அது. தாவீது கோலியாத்தைக் கல்லால் அடித்த கதையை வருஷத்துக்கு நான்கு முறை நாடகமாகப் போடுகிறோம். இதைப் பிள்ளைகளின் காதில்கூடப் போட மாட்டோம், பயந்துவிடுவார்களாம். தொலைக்காட்சியில் அவர்கள் தினமும் பார்க்கிற கொலைகளுக்குப் பயப்படாதவர்கள் இதற்குத்தான் பயப்படப்போகிறார்கள்!

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் முதல் ஏழு நாள் ஏழு இரவு பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாட ஆரம்பித்தபோதுதான் கெட்டது. கடைசியில் கடவுள் யார் பக்கம் நின்றார்? தமக்காக வக்கீல் வேலை பார்த்தவர்களை அவர் கடிந்துகொண்டார். தம்மேலேயே வழக்குப் போட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்றார். துக்க வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு விசுவாசியும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2021 கோடையை நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலை. அப்பா ஆம்புலன்சில் ஏறிப்போனார், திரும்ப வந்தது பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஓர் உடல், அதுவும் வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. மே மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசு, பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் அறிவித்தது. நல்ல காரியம். சபைகளும் அரிசி கொடுத்தன, பள்ளிக் கட்டணம் கட்டின. ஆனால் அப்பா போன ராத்திரி என்ன நினைத்தாய் என்று அந்தப் பிள்ளைகளை யார் கேட்டது? அன்று எட்டு வயதாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், கோயிலுக்கு வர மறுக்கிறார்கள், “வயசுக் கோளாறு” என்று நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோபம் யார்மேல் என்று கேட்டீர்களா?

இதைவிடக் கொடியது ஒன்று நடக்கிறது. காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், நம் ஊர்க் குடும்பங்களும் போகின்றன. அம்மாவுக்கு வியாதி என்று தெரிந்ததும் உபவாச ஜெபம் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். பிள்ளைகளையும் முழங்காலில் நிறுத்தி, “நீ ஜெபிச்சா கேப்பார், சின்னப் பிள்ளைங்க ஜெபத்தைக் கண்டிப்பா கேப்பார்” என்கிறோம். அம்மா இறந்துபோகிறாள். பிறகு யாரோ ஓர் ஊழியக்காரர் வந்து, விசுவாசம் குறைந்த இடத்தில் அற்புதம் நடக்காது என்று பேசிவிட்டுப் போகிறார். பெரியவர்கள் அதைக் காதில் வாங்கி விட்டுவிடுவார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அப்படி விட முடியாது. அந்த வயதில் நடக்கிற எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. நான் நேற்று அம்மாமேல் கோபப்பட்டேன், அதனால் இறந்தாள், நான் ஜெபத்தில் தூங்கிவிட்டேன், அதனால் இறந்தாள் என்று அது தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கடவுளின் பெயரால் பிள்ளையின் நெஞ்சில் வைத்தவர்கள் நாம். அப்படிப் பேசுகிற யாரையும் துக்க வீட்டுக்குள் விடாதீர்கள். ஊழியக்காரர் ஆயிற்றே என்று மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

பாடல்களின் பின்னணிக் கதை சொல்வது நம் பிரசங்கங்களில் வழக்கம். ஹோரேஷியோ ஸ்பாஃபோர்ட் என்ற சிகாகோ வழக்கறிஞரின் கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். 1873இல் கப்பல் மூழ்கி நான்கு மகள்களை இழந்தார், மனைவி அன்னா மட்டும் பிழைத்தார், அவர் கடலைக் கடந்து மனைவியிடம் போகும்போது புகழ்பெற்ற ஒரு பாடலை எழுதினார் என்று சொல்லி, “பார்த்தீர்களா, அதுதான் விசுவாசம்” என்று முடிப்பார்கள். கதை அங்கே முடியவில்லை. பின்பு பிறந்த ஒரே மகனும் 1880இல் காய்ச்சலில் இறந்தான். இத்தனை சாவு என்றால் ஏதோ பாவம் இருக்கும் என்று சொந்தச் சபையாரே பேசினார்கள். 1881இல் அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் விட்டு எருசலேமுக்குப் போய், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்யும் ஒரு குடியிருப்பை உண்டாக்கியது. பாட்டு எழுதினவுடன் துக்கம் தீர்ந்துவிடவில்லை. பல வருஷம் அதைச் சுமந்துதான் நடந்தார்கள், சபையின் வாயிலும் விழுந்தார்கள். இந்தப் பாதிக் கதையைச் சொல்லாமல் விட்டால், நேற்று பிள்ளையைப் புதைத்த ஒரு தாய் இன்று பாட முடியாமல் நிற்பதைத் தன் குறையாக எடுத்துக்கொள்வாள்.

நம் நாகப்பட்டினத்துக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கரிபீரன் பரமேஸ்வரனுக்கு அன்று பிறந்தநாள். பண்டிகைக்கு வந்திருந்த உறவினர்களும் பிள்ளைகளுமாகக் கடற்கரைக்குப் போனவர்களைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. அவருக்கும் அவர் மனைவி சூடாமணிக்கும் இருந்த மூன்று பிள்ளைகளும் இறந்துபோனார்கள், உறவினர்கள் பலரும். இருவரும் விசுவாசிகள். வாழவே வேண்டாம் என்று நினைத்த நாட்கள் இருந்தன என்று அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான், அதே அலையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் ‘நம்பிக்கை’. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பல பேர் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தத் தம்பதிக்கும் பிறகு இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

இதையும் நாம் மேடையில் வெற்றிச் சாட்சியாக்கிவிடுவோம். எனக்கு அந்த வீட்டில் கண்ணுக்குப் படுவது வேறு. பிள்ளையை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். யாரும் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு அது. “அழாதே” என்று சொல்கிற தகுதி அங்கே ஒருவருக்கும் கிடையாது. அந்தத் தம்பதியின் விசுவாசம் வளர்ந்தது என்றால், துக்கத்தைத் தாண்டிக் குதித்ததால் அல்ல, அதே துக்கம் இருக்கிற பிள்ளைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததால். கடவுளை இனி எனக்குத் தெரியாது என்று நினைத்த இடத்தில்தான் அவர்கள் கைக்கு ஒரு வேலை வந்தது.

நம் பெரும்பாலான வீடுகள் இதற்கு நேர் எதிராக நடக்கின்றன. அப்படி நடந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் நார்னியா கதைகளை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள், சினிமாவாகவும் பார்த்திருப்பார்கள். 1908இல், அவருக்கு 9 வயதாக இருந்தபோது, தாய் புற்றுநோயில் இறந்தார். சிறுவன் லூயிஸ் அம்மாவுக்காக ஜெபித்திருந்தான். அம்மா பிழைக்கவில்லை. தகப்பன் துக்கத்தில் நொறுங்கிப்போய், கோபத்திலும் கொந்தளிப்பிலும் பிள்ளைகளைத் தம்மிடமிருந்து விலக்கிக்கொண்டார். சில வாரத்தில் சிறுவனைக் கடல் தாண்டி விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியோடு சேர்த்து மகன்களையும் தகப்பன் இழந்துவிட்டார் என்று லூயிஸ் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். வாலிபத்தில் கடவுளே இல்லை என்றவர், 30 வயதைத் தாண்டித்தான் திரும்பி வந்தார்.

1960இல் அவர் மனைவி ஜாயும் புற்றுநோயில் இறந்தபோது, ஜாயின் இரண்டு மகன்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். மறுவருஷம் வேறு பெயரில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். உலகத்துக்கே வலியைப் பற்றிய விளக்கம் எழுதித் தந்த மனுஷர், சொந்த துக்கத்தில் கடவுளின் கதவு சாத்திக்கிடப்பதாக அதில் அழுகிறார். அம்மாவைப் பற்றிப் பேச வாயெடுத்தால் பையன்கள் கூச்சப்படுகிறார்கள், ஏதோ தகாத காரியத்தைச் செய்கிறவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள் என்றும் எழுதினார். பல வருஷம் கழித்து அந்த மகன்களில் இளையவர் டக்ளஸ் கிரஷம் இதற்குக் காரணம் சொன்னார். அம்மாவின் பேச்சு எடுத்தால் தானும் அழுதுவிடுவோம், இவரும் அழுதுவிடுவார் என்ற பயம்தான் அது. கூட இருக்கிறவர்கள் முன்னால் அழுவது பெரிய வெட்கம் என்று பள்ளிக்கூடம் அவருக்குப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஒரே வீட்டில் ஒரே ஆளுக்காக அழ வேண்டிய இரண்டு பேர், ஒருவர் அழுகைக்கு ஒருவர் பயந்து ஒதுங்கி நின்றார்கள். காஞ்சிபுரத்தில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் செய்தித்தாளில் வருகிறது: தந்தை இறந்த நாளிலும் தேர்வு எழுதிய மாணவி. கண் வீங்கிய ஒரு பெண்ணின் படம் போட்டு, மன உறுதி என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைதான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அனுப்புங்கள், அதில் அவளுக்கும் ஓர் ஆறுதல் இருக்கலாம். நாம் தள்ளிவிட்டுப் போனவளாக இருந்தால் அது பாராட்டுக்குரிய செய்தி இல்லை. விடுபட்ட பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம். தகப்பனை அடக்கம் செய்கிற நாள் இன்னொரு முறை வராது.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற எவரையும் கேளுங்கள், பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வார்கள் என்று. தறியை நிறுத்துவார்கள். அறுந்த இரண்டு முனையையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடையை ஓட்டுவார்கள். நிறுத்தாமல் நெய்துகொண்டே போனால் அந்த இடம் துணி முடியும்வரை ஓட்டையாகவே ஓடும். புடவைக்குக் கொடுக்கிற அந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். முதலில், உண்மையைச் சொல்லுங்கள். தாத்தா தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது தூங்கவே பயப்படும், இல்லையென்றால் வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருக்கும். இறந்துவிட்டார், மூச்சு நின்றுவிட்டது, இனி அந்த உடம்புக்கு வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டார் என்று சொல்ல வேண்டும். ஆண்டவரிடம் இருக்கிறார் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால், ஆண்டவர் என்பவர் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவராகத்தான் பிள்ளை மனதில் பதிவார். அப்படிப்பட்டவரிடம் அது எப்படி ஜெபிக்கும்?

அடக்கத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லுங்கள்: பெட்டி, பாட்டு, குழி, மண் போடுவது எல்லாவற்றையும். வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள், ஒரு கைப்பிடி மண்ணை அந்தக் கையும் போடட்டும். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். பிள்ளை ஐந்து நிமிஷம் தேம்பிவிட்டு விளையாடப் போனால் மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் அப்படித்தான் துக்கப்படுவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு. மூன்று மாதம் கழித்து, சோறு சாப்பிடும்போது, சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி வரும். அப்போது சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். கேள்வி, ஏன் ஆண்டவர் காப்பாற்றவில்லை என்பதாக இருந்தால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். நானும் அவரிடம் அதைத்தான் கேட்கிறேன், வா, சேர்ந்து கேட்போம் என்று சொல்லி அங்கேயே ஜெபம் செய்யுங்கள். கோபமாக இருக்கிற ஜெபமும் ஜெபம்தான். மார்த்தாளின் ஜெபம் அப்படித்தான் தொடங்கியது. கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்கப் பழகிய பிள்ளைக்கு, அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டையும் சபையையும் விட்டு ஓட வேண்டிய அவசியம் வராது.

பல வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போகாமல், நானும் செத்துப்போய் அம்மாவிடம் போகிறேன் என்று பேசுகிற பிள்ளையாக இருந்தால், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குழந்தைகளைப் பார்க்கிற மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச ஆலோசனை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று எந்தப் போதகர் சொன்னாலும், தனக்குச் சர்க்கரை ஏறினால் அவர் எங்கே போகிறார் என்று கேளுங்கள்.

சபைக் கமிட்டியில் இருக்கிற பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாயை இழந்த பிள்ளையை ஆண்டு விழா மேடையில் ஏற்றி சாட்சி சொல்லவைக்காதீர்கள். அதன் அழுகைக்கு முடிவு எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக, அடுத்த வருஷத்துக்கான ஓய்வுநாள் பள்ளிப் பாடத் திட்டம் போடும்போது யோபுவையும், ரிஸ்பாளையும், 88ஆம் சங்கீதத்தையும் சேருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு போய்க் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அது எங்கள் சபை வழக்கம் இல்லை என்று நம்மவர்கள் தள்ளி நிற்கிறார்கள். துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீரும் எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. இந்த வருஷம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அம்மாவின் கல்லை அவர்களே கழுவட்டும், பெயரில் எந்த எழுத்து அழிந்திருக்கிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும், பெயிண்ட் வாங்கிவர ஆள் அனுப்புகிறேன்.